ஒப்பந்தம் டெல்லியிலும் கொழும்பிலும். மனு வாங்க வேண்டியது நம்ம ஊர் ஸ்டேஷன்

கேள்வி (வாசகர் ஒருவர், 22 அக்டோபர் 2025)

கடத்தல், ஆள் கடத்தல், இணைய மோசடி எல்லாமே இப்போது எல்லை தாண்டித்தான் நடக்கிறது. இலங்கை, மாலத்தீவு, மியான்மர், நேபாளம் என்று அக்கம்பக்கத்து நாடுகளோடு கறாராக ஒப்பந்தம் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். இதற்குள் போலீஸ் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்து கலக்குகிறார்கள். அது உள்ளூர் விவகாரம், இது வெளியுறவு. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் யாராவது சொல்லுங்களேன்.

22 அக்டோபர், இரவு

சம்பந்தம் இருக்கிறது. கொழும்பையே எடுத்துக்கொள்வோம். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டு வெடித்து 260 பேருக்கு மேல் செத்தார்கள். இந்தியா ஏப்ரல் 4ஆம் தேதியே எச்சரிக்கை அனுப்பியிருந்தது. வெடிப்பதற்கு முந்தின நாளும் அனுப்பியது. பக்கத்து நாட்டு ஒத்துழைப்பு என்று நீங்கள் கேட்பது இதைத்தானே? அது ஒழுங்காகவே நடந்தது. தகவல் பாக் நீரிணையைத் தாண்டிவிட்டது. அந்தப் பக்கத்து அலுவலகங்களின் மேசைகளைத்தான் தாண்டவில்லை.

காரணம், அங்கே ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் சண்டை. போலீஸ் தலைவரையே பாதுகாப்புக் கூட்டங்களுக்குக் கூப்பிடாமல் மாதக்கணக்கில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி சிறிசேன தன் கைப்பணத்தில் 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்றது. போலீஸ் தலைவருக்கும் உளவுத்துறைத் தலைவருக்கும் தலா ஏழரைக் கோடி. இதில் எந்த ஒப்பந்தத்தைக் கறாராக்கியிருந்தால் அந்த உயிர்கள் மிஞ்சியிருக்கும், சொல்லுங்கள்.

23 அக்டோபர்

"அது இலங்கைக் கதை, நம் போலீஸ் அப்படி இல்லை" என்று ஒருவர். சரி, நம் கதைக்கே வருகிறேன்.

என் அக்காள் மகன், அதாவது மருமகன், இன்ஜினியரிங் முடித்தவன். 2022இல் பாங்காக்கில் வேலை, கம்ப்யூட்டரில் டேட்டா என்ட்ரி, நல்ல சம்பளம் என்று ஒரு ஏஜென்ட் சொன்னான். ஏஜென்ட் வெளியாள் கிடையாது, எங்களுக்கு ரெண்டு ஊர் தள்ளி. பையன் பாங்காக்கில் இறங்கினான், கார் வந்தது, எட்டு மணி நேரம் மேற்கே போனது. ராத்திரியில் ஒரு ஆற்றைப் படகில் கடக்க வைத்தார்கள். மறுகரை மியான்மர், மியாவடி. அப்புறம் வேலை என்னவென்று உங்களுக்கே தெரியும்: ஒரு பெண்ணின் போட்டோவை வைத்துக்கொண்டு அமெரிக்காவில், ஐரோப்பாவில் இருக்கும் கிழவர்களிடம் அன்பாகப் பேசி கிரிப்டோவில் பணம் போட வைப்பது. செய்ய மாட்டேன் என்றால் மின்சார ஷாக்.

அக்காள் அழுதுகொண்டே ஸ்டேஷனுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். எந்த ஸ்டேஷன் என்று எழுதப்போவதில்லை. ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் மனுவைப் பார்த்தார். "சம்பவம் எங்கம்மா நடந்தது?" மியான்மரில். "அப்ப இங்க ஏன் வந்தீங்க? இது வெளிநாட்டு விஷயம், நாங்க என்ன செய்ய? எம்பஸிக்கு எழுதுங்க." எம்பஸிக்கு எழுதினோம். அவர்கள் மரியாதையாகத்தான் பதில் போட்டார்கள்: ஊரில் புகார் பதிவாகியிருக்கிறதா, முதல் தகவல் அறிக்கை நகல் இருக்கிறதா?

இந்த இடத்தில்தான் நான் இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு நாட்டுப் போலீஸ் இன்னொரு நாட்டிடம் வங்கிக் கணக்கு விவரம், போன் விவரம், சாட்சி வாக்குமூலம் கேட்க வேண்டும் என்றால் இங்கே ஒரு வழக்கு பதிவாகியிருக்க வேண்டும். விசாரணை அதிகாரி கோர்ட்டில் மனுப் போட்டு, கோர்ட் கோரிக்கைக் கடிதம் கொடுத்து, அது உள்துறை அமைச்சகம் வழியாகப் போக வேண்டும். ஆளைத் தேட இன்டர்போல் ரெட் நோட்டீஸ் வேண்டுமென்றால், கோர்ட் வாரன்ட்டோடு சிபிஐ வழியாகப் போக வேண்டும். இத்தனைக்கும் முதல் படி எஃப்.ஐ.ஆர். அதைப் போட வேண்டியவர் "நாங்க என்ன செய்ய" என்கிறார். முதல் படியே இல்லாதபோது மேலே எத்தனை மாடி கட்டினாலும் ஏற முடியாது.

23 அக்டோபர், கொஞ்சம் கழித்து

மேலே விட்டுப்போனது. சம்பவம் எல்லைக்கு வெளியே என்பது சட்டப்படி சாக்கே இல்லை. ஏஜென்ட் ஆசை காட்டியது இங்கே, பணம் வாங்கியது இங்கே. லைசன்ஸ் இல்லாமல் வெளிநாட்டுக்கு ஆள் எடுப்பது 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படியே குற்றம். அதாவது குற்றத்தின் பாதி எங்கள் ஸ்டேஷன் எல்லைக்குள் நடந்திருக்கிறது.

பையன் வந்து சேர்ந்துவிட்டான். தாய்லாந்து வழியாக, அங்கே சட்டவிரோதமாக எல்லை தாண்டியதற்கு அபராதமும் கட்டிவிட்டு. கடத்தப்பட்டவனுக்கு அபராதம். நல்லவேளை, அதற்கு மட்டும் ஒத்துழைப்பு உடனே கிடைத்தது.

25 அக்டோபர்

ஒப்பந்தங்களைப் பட்டியல் போடச் சொன்னார்கள். போடுகிறேன், கறார் போதவில்லையா என்று நீங்களே பாருங்கள்.

தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கில் பயங்கரவாதம் பற்றிய உடன்படிக்கை 1987. போதைப்பொருள் பற்றியது 1990. இந்தியா, இலங்கை இடையே குற்ற வழக்குகளில் பரஸ்பர உதவிக்கும் கைதிப் பரிமாற்றத்துக்கும் 2010. வங்காள விரிகுடாவை ஒட்டிய நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக்கின் நாடுகள் பயங்கரவாதம், பன்னாட்டுக் கும்பல்கள், போதைப்பொருள் மூன்றுக்கும் சேர்த்து 2009இல் கையெழுத்துப் போட்டன. அது அமலுக்கு வந்தது 2021இல். பன்னிரண்டு வருஷம்! சார்க் உச்சி மாநாடோ 2014 காத்மாண்டுவுக்குப் பிறகு நடக்கவே இல்லை.

காகிதத்துக்குப் பஞ்சமில்லை என்று சொல்லத்தான் இத்தனையும்.

26 அக்டோபர்

திசையன்விளை அண்ணாச்சி ஒருவர், கடத்தல் பற்றிப் பேசாமல் ஆள் கடத்தல் மட்டும் பேசுகிறீர்களே என்கிறார். பேசுவோம், நான் ஒரு காலத்தில் பீடி இலை கிடங்கில் கணக்கு எழுதியவன்.

வெளியூர்க்காரர்களுக்காக: முக்கூடல், மேலப்பாளையம், கடையம், ஆலங்குளம் என்று எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். இலை இங்கே விளைவதில்லை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். இலங்கையிலும் பீடி குடிக்கிறார்கள், அங்கே இறக்குமதி வரி கடுமை. அதனால் தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகப் படகில் இலை போகிறது. 2019 கடைசியில் இலங்கை மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியது. மறுவருஷமே மஞ்சளும் இதே படகுகளில் ஏறியது. விலை வித்தியாசம் எங்கே இருக்கிறதோ அங்கே படகு போகும்.

ஒரு முறை கரையில் பிடிபட்ட மூட்டைகளில் எங்கள் கிடங்கின் சீட்டு இருந்தது. ஒரு அதிகாரி வந்தார். நாங்கள் பில் போட்டு வேறொரு வியாபாரிக்கு விற்ற சரக்கு அது. பில் புத்தகத்தைக் காட்டினேன். யார் வாங்கினார், எந்த லாரியில் ஏற்றினார், எல்லாம் இருந்தது. அவர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. ஏற்கெனவே எழுதி வைத்த மகஜரை (சரக்கைப் பிடித்த விவரத்தை எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்கும் தாள்) நீட்டி, சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் அந்தக் கடற்கரையைப் பார்த்ததுகூட இல்லை. மகஜரிலோ நான் அங்கே நின்று மூட்டையை எண்ணியதாக இருக்கிறது. வங்கிக்குப் போகணும் என்று நழுவிவிட்டேன். வேறு யாரோ போட்டிருப்பார்கள்.

வழக்கு என்ன ஆனது? லோடுமேன் ரெண்டு பேர், டிரைவர் ஒருவர். அவ்வளவுதான். டிரைவர் போனில் இலங்கை நம்பர்கள் இருந்ததாக அப்போதே எல்லோரும் பேசினார்கள். அந்த நம்பர்களை யாராவது கொழும்புக்கு அனுப்பிக் கேட்டார்களா? கேட்கப் போனால் இந்தப் பொய் மகஜரையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அங்கே ஒரு வக்கீல் அதைப் பிரித்துப் பார்த்தால் ஐந்து நிமிஷம் நிற்காது.

26 அக்டோபர், மாலை

கடல் அட்டை (கடலடியில் வாழும் ஒரு உயிரினம்) கடத்துவது பற்றிக் கேட்டவருக்கு: அங்கே எல்லாப் பழியையும் போலீஸ் மேல் போட முடியாது. இந்தியாவில் கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே. இலங்கையில் லைசன்ஸ் இருந்தால் பிடிக்கலாம், ஏற்றுமதி செய்யலாம். நம் கடலில் பிடித்த அட்டை அந்தக் கரை ஏறியதும் யோக்கியச் சரக்காகிவிடுகிறது. ரெண்டு சட்டமும் இப்படி இருக்கும்வரை படகுக்காரனை மட்டும் பிடித்துக்கொண்டே இருக்கலாம். இது ஒப்பந்தம் பேசித்தான் தீர்க்க வேண்டியது. கேள்வி கேட்டவருக்கு இந்த ஒரு இடத்தில் முழு மதிப்பெண்.

28 அக்டோபர்

சீரியஸாகவே போகிறது, ஒரு இடைவேளை. 2019 ஆகஸ்ட் 1. தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குக் கருங்கல் கொண்டுபோன விர்கோ 9 என்ற இழுவைப் படகு திரும்பி வருகிறது. போனபோது ஒன்பது பேர், வந்தபோது பத்துப் பேர். பத்தாவது ஆள் மாலத்தீவின் முன்னாள் துணை ஜனாதிபதி அகமது அதீப்! தஞ்சம் கேட்டு வந்தவர். ரெண்டு நாள் படகிலேயே வைத்து விசாரித்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மாலத்தீவுக்கும் நமக்கும் உள்ள உறவைப் பற்றிப் பெரிய பெரிய கட்டுரைகள் வருகின்றன. எங்களுக்கு அது வெங்காயமும் காய்கறியும் கருங்கல்லும் போகிற கடல்பாதை. திரும்பி வருகையில் எப்போதாவது இப்படி ஒரு ஆள்.

30 அக்டோபர்

இதுதான் நான் முதலிலேயே எழுத நினைத்தது.

வேறொரு நாட்டிலிருந்து குற்றவாளியைக் கேட்டால் அந்த நாட்டு கோர்ட் ஒரு கேள்வி கேட்கும்: உங்களிடம் ஒப்படைத்தால் இவனை அடிப்பீர்களா? 1995 டிசம்பரில் மேற்கு வங்காளம் புரூலியாவில் விமானத்திலிருந்து ஆயுதம் போட்டார்களே, அந்த வழக்கில் தேடப்படும் கிம் டேவி டென்மார்க் ஆள். அந்த அரசாங்கம் 2010இல் ஒப்படைக்கச் சம்மதித்தது. கோர்ட் 2011இல் முடியாது என்றது, சித்திரவதை அபாயம் என்று காரணம் சொல்லி. நாம் மறுபடி கேட்டோம். 2024 ஆகஸ்டில் மறுபடி முடியாது. 2025 பிப்ரவரியில் லண்டன் உயர் நீதிமன்றம் ஆயுத வியாபாரி சஞ்சய் பண்டாரியை விடுவித்ததற்கும் மனித உரிமை அபாயம் ஒரு காரணம். டென்மார்க்கும் லண்டனும் பக்கத்து நாடா என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் நாளைக்குக் கொழும்பிலோ காத்மாண்டுவிலோ ஒரு வக்கீல் இதே தீர்ப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்கமாட்டாரா?

ஐ.நா.வின் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்துப் போட்டது. இன்றுவரை ஏற்புறுதி, அதாவது அதற்குக் கட்டுப்படுவதாக முறைப்படி உறுதி, செய்யவில்லை. 2017இல் சட்ட ஆணையம் தன் 273ஆவது அறிக்கையில் ஏற்புறுதி செய்யுங்கள் என்று பரிந்துரைத்தது. சித்திரவதைக்கு எதிரான சட்டம் இல்லாததால் வெளிநாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவருவது கஷ்டமாகிறது என்பது அதில் சொன்ன காரணங்களில் ஒன்று. மனித உரிமைக்காரர்கள் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் இதையாவது படிக்கலாம்.

அந்த அயல்நாட்டு வக்கீலுக்கு ஆதாரம் தேட ரொம்ப தூரம் போகவேண்டியதில்லை. எங்கள் பக்கம் வந்தால் போதும். சாத்தான்குளம், 2020 ஜூன் 19. ஊரடங்கில் கடையைக் கூடுதல் நேரம் திறந்து வைத்தார்கள் என்று செல்போன் கடைக்காரர் ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் கூட்டிப்போனார்கள். 22ஆம் தேதி ராத்திரி மகன், 23 காலையில் அப்பா. கோவில்பட்டி கிளைச்சிறையிலிருந்து ஆஸ்பத்திரி, அங்கிருந்து பிணம். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டது: சிசிடிவி பதிவு தினமும் தானாக அழிகிற மாதிரி வைத்திருந்தார்கள். ஸ்டேஷனையே வருவாய்த்துறை கையில் எடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. சிபிஐ வழக்கு ஐந்து வருஷம் தாண்டி 2025 அக்டோபரிலும் மதுரையில் நடந்துகொண்டிருந்தது.

அப்புறம் 2023 மார்ச், அம்பாசமுத்திரம் சரகம். விசாரணைக்குக் கூட்டிப்போனவர்களின் பல்லைப் பிடுங்கியதாக ஒரு ஐபிஎஸ் அதிகாரி மேலேயே புகார். சிபிசிஐடி வழக்கு. 2025 ஜூனில் திருப்புவனம் பக்கம் மடப்புரத்தில் கோயில் காவலாளி அஜித்குமார், போலீஸ் விசாரணையில் செத்தார். அதுவும் சிபிஐ.

நடுவில் நாம் மாவுக்கட்டு போட்டோவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். ரவுடி பாத்ரூமில் வழுக்கி விழுந்தான், கையில் கட்டு. வாட்ஸ்அப்பில் சிரிப்பு பொம்மை. எல்லா ஸ்டேஷன் பாத்ரூமும் ஒரே மாதிரி வழுக்குவது எப்படி என்று வெளிநாட்டு நீதிபதி ஒருவர் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

31 அக்டோபர்

"இலங்கைப் போலீஸ் ரொம்ப யோக்கியமோ?"

இல்லை. ஆனால் அவர்கள் புத்தகத்தில் இருப்பது நம் புத்தகத்தில் இல்லை. 1994லேயே சித்திரவதை உடன்படிக்கையில் சேர்ந்து, அதே வருஷம் தனிச்சட்டம் போட்டார்கள். குறைந்தபட்சத் தண்டனை ஏழு வருஷம். 2001இல் அரசியல் சாசனத்தின் 17ஆவது திருத்தத்தின் வழியாக அரசியல் கைபடாத தேசியப் போலீஸ் ஆணைக்குழு. இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஸ்டேஷனில் அடிப்பதை நிறுத்தினார்களா என்றால் இல்லை. ஆணைக்குழுவின் கதையோ கேட்கவே வேண்டாம்: ஒரு திருத்தத்தில் பல்லைப் பிடுங்குவார்கள், அடுத்ததில் கட்டுவார்கள், அதற்கடுத்ததில் மறுபடி பிடுங்குவார்கள்.

அங்கே போலீஸ் அதிகாரியாக இருந்த தேசபந்து தென்னகோன் விஷயத்தையும் பாருங்கள். ஒருவரைச் சித்திரவதை செய்தார் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 பிப்ரவரியில் அதே ஆளைப் போலீஸ் மாஅதிபர், அதாவது போலீஸ் தலைவர் ஆக்கினார்கள்! ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேலை செய்யாதே என்று தடை போட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் 177 ஓட்டில் பதவியிலிருந்து நீக்கியது. இந்தக் கதையில் அசிங்கமும் இருக்கிறது, நாணயமும் இருக்கிறது. போலீஸ் தலைவரைச் சட்டப்படி விசாரித்து நாடாளுமன்றமே வீட்டுக்கு அனுப்பியது பக்கத்து நாடுதான், நாம் இல்லை.

2 நவம்பர்

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஏட்டையா ஒருவர் இருக்கிறார். நான் எழுதியதையெல்லாம் பேரன் வாசித்துக் காட்டியிருக்கிறான் போல. பால் வாங்கப் போன இடத்தில் பிடித்துக்கொண்டார்.

"ஓய், ரைட்டர் மனு வாங்கலன்னு எழுதியிருக்கீரு. வாங்கிட்டு எஃப்.ஐ.ஆர். போட்டா மாசக் கடைசியில கிரைம் மீட்டிங்ல எஸ்.பி. அவரைத்தான் நிறுத்தி வச்சுக் கேப்பாரு, ஏன் உன் லிமிட்ல கேஸ் கூடுதுன்னு. கண்டுபிடிக்க முடியாத கேஸை எவன் தலையில ஏத்துவான்?"

அதில் நியாயம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். மியான்மரில் இருக்கிற கும்பலை எங்கள் ஊர் எஸ்.ஐ. எப்படிப் பிடிப்பார்? அவருக்கு காலையில் மந்திரி பந்தோபஸ்து, மத்தியானம் கோர்ட் டூட்டி, சாயந்தரம் கோயில் கொடை, ராத்திரி ரோந்து. நடுவில் விசாரணை. வாராந்திர விடுமுறைக்கு 2021இல் அரசாணை வந்தது. கிடைக்கிறதா என்று எந்தப் போலீஸ்காரர் மனைவியிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். சட்டம் ஒழுங்கு வேறு, விசாரணை வேறு என்று பிரிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் சொன்னதற்கு இதுதான் காரணம். ஏட்டையாவிடம் அந்தத் தீர்ப்பைச் சொன்னேன். "அது வந்துட்டா நாங்க ரிட்டயர்டு ஆகியிருக்கவே மாட்டோம்" என்றார். என்ன அர்த்தத்தில் சொன்னாரோ, சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

சாத்தான்குளத்தில் அன்றைக்கு ராத்திரி நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னதும் ஒரு பெண் தலைமைக் காவலர்தான். அதே ஸ்டேஷன் ஆள். சீர்திருத்தம் என்று நான் சொல்வது அந்த அம்மாள் மாதிரி ஆட்கள் பயமில்லாமல் வேலை பார்ப்பதற்காகவும்தான்.

3 நவம்பர்

அந்தத் தீர்ப்பு என்ன என்று கேட்டவர்களுக்கு. பிரகாஷ் சிங் வழக்கு, 2006 செப்டம்பர் 22. வழக்குப் போட்ட அவரே டிஜிபியாக இருந்தவர். ஏழு கட்டளைகள். எனக்கு முக்கியமாகப் படுபவை மட்டும்: டிஜிபிக்கும் எஸ்.பி.க்கும் ஸ்டேஷன் பொறுப்பாளருக்கும் ரெண்டு வருஷம் உறுதியான பதவிக்காலம், விசாரணையைத் தனியாகப் பிரிப்பது, போலீஸ் மேல் புகார் சொல்லத் தனி ஆணையம்.

தமிழ்நாடு என்ன செய்தது? 2013இல் ஒரு போலீஸ் சீர்திருத்தச் சட்டம் போட்டது. புகார் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. இங்கே மாநிலத்துக்கு உள்துறைச் செயலாளர், மாவட்டத்துக்குக் கலெக்டர் என்று போட்டுக்கொண்டார்கள். போலீஸ் யாருக்குக் கீழே இருக்கிறதோ அவரிடமே போலீஸைப் பற்றிப் புகார். டிஜிபி நாற்காலியில் பொறுப்பு ஆள் வைக்கவே கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்ட் கடைசியில் நமக்கு வந்தது பொறுப்பு டிஜிபி.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது மெட்ராஸ் மாவட்டப் போலீஸ் சட்டம், 1859. மற்ற மாநிலங்கள் 1861 சட்டம் பழசு என்று புலம்புகின்றன, நாம் அதைவிட ரெண்டு வருஷம் மூத்தவர்கள்!

5 நவம்பர்

"அடித்தால்தான் உண்மை வரும், சட்டத்தைக் கடுமையாக்கினால் கடத்தல் நிற்கும்" என்பவருக்கு ஒரு தூத்துக்குடிக் கதை. 2013 அக்டோபரில் சீமேன் கார்டு ஓகையோ என்ற கப்பலைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கடற்கொள்ளையரிடமிருந்து கப்பல்களைக் காக்கும் தனியார் காவலர்களும் மாலுமிகளுமாக 35 பேர்: பிரிட்டிஷ், எஸ்தோனியா, உக்ரைன், நம் ஆட்கள். 35 துப்பாக்கிகள். மாநிலப் போலீஸின் உளவுப் பிரிவான கியூ பிரிவு வழக்கு. 2016இல் தூத்துக்குடி கோர்ட் ஆளுக்கு ஐந்து வருஷம் கொடுத்தது. 2017 நவம்பரில் மதுரைக் கிளை எல்லோரையும் விடுதலை செய்தது. நாலு வருஷம் போயே போய்விட்டது. அந்த நாடுகளின் தூதர்கள் சென்னைக்கும் டெல்லிக்கும் நடந்தார்கள்.

அவர்கள் யோக்கியர்களா இல்லையா என்பதற்குள் நான் போகவில்லை. கப்பல் எந்த எல்லைக்குள் நின்றது, ஏன் நின்றது, துப்பாக்கிக்கு என்ன உரிமம் என்பதெல்லாம் ஆறு மாதத்தில் உட்கார்ந்து தீர்க்கக்கூடிய கேள்விகள். நாலு நாடு சம்பந்தப்பட்ட வழக்கில் இந்த வேகம் என்றால், அடுத்த முறை நாம் உதவி கேட்கும்போது அவர்கள் எந்த வேகத்தில் வருவார்கள்?

6 நவம்பர்

ஒருவர் தடம் மாறி, கேரளா குப்பை கொட்டியதைப் பற்றியும் எழுதுங்கள் என்றார். அதுவும் பக்கத்து வீட்டுக்காரன் கதைதானே. 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக் கழிவு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. பசுமைத் தீர்ப்பாயம் இத்தனை நாளுக்குள் எடு என்று கேரளாவுக்குக் கெடு வைத்தது. அதிகாரிகளே லாரியோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டு மாநிலங்களும் பரஸ்பரம் திட்டிக்கொண்டேதான் ஒத்துழைத்தன. தேதி வைத்துக் கேட்க ஒரு ஆள் மேலே இருந்தது, அதனால் நடந்தது. நாடுகளுக்கு மேலே அப்படி யாரும் கிடையாது.

9 நவம்பர்

நேபாளத்தில் போன மாதம் பிடித்தார்களே, இஷாரா செவ்வந்தி, அதைச் சொல்லி ஒருவர் என்னை மடக்கியிருக்கிறார். பிப்ரவரியில் கொழும்பு கோர்ட்டுக்குள்ளேயே நடந்த கொலையில் தேடப்பட்டவர். யாழ்ப்பாணம் பக்கமிருந்து படகில் இந்தியா, இங்கிருந்து நேபாளம். இலங்கைப் போலீஸும் நேபாளப் போலீஸும் சேர்ந்து பிடித்து, ரெண்டு மூன்று நாளில் கொழும்பில் இறக்கிவிட்டார்கள். "பார்த்தீர்களா, சீர்திருத்தம், கோர்ட், கோரிக்கைக் கடிதம் எதுவும் இல்லாமலே வேலை நடக்கிறது" என்கிறார்.

நடக்கிறது. போலீஸுக்குப் போலீஸ் போன் போட்டுப் பேசுவதுதான் வேகமான வழி, இதை நான் மறுத்ததில்லை. இரண்டு நாள் யோசித்தேன், பதில் எனக்கே முழுத் திருப்தியாக இல்லை. ஆளைப் பிடிக்க இந்த வழி போதும். ஆனால் பிடித்த பிறகு வழக்கு நிற்க வேண்டுமே. தவிர, இதே வழியில் நாளைக்கு ஒரு பத்திரிகைக்காரரையோ அகதியையோ பிடித்துக் கொடுத்தால்? தூத்துக்குடிக்கு வந்த அதீபை நாம் எந்த கோர்ட்டில் நிறுத்திக் கேட்டோம்? வேகம் வேண்டும், அந்த வேகத்தை ஒரு மாஜிஸ்திரேட்டாவது பார்க்கவும் வேண்டும். இரண்டையும் ஒன்றாக வைத்திருக்கும் நாடு இந்தப் பக்கத்தில் இருப்பதாகத் தெரியவில்லை.

இதில் எனக்கு உறுத்துவது வேறு. அந்தப் பெண் நம் கடற்கரையில் இறங்கி, நம் நாட்டைக் குறுக்கே கடந்து நேபாளம் போயிருக்கிறார். கடலோரக் காவல் குழுமம், கடற்படை, கஸ்டம்ஸ், கியூ பிரிவு, மத்திய உளவுத்துறையான ஐ.பி. என்று இத்தனை கண் இருக்கிறது. ஒவ்வொருவரும் அவரவர் நோட்டில் எழுதுகிறார்கள். நான் கிடங்கில் இருந்த காலத்திலும் அப்படித்தான்.

12 நவம்பர்

களக்காட்டிலிருந்து ஒரு தாயார். மகன் கம்போடியாவில் மாட்டிக்கொண்டிருக்கிறான், மனுவை வாங்க மாட்டேன் என்கிறார்கள், என்ன செய்ய என்று கேட்டிருக்கிறார். மற்ற வாதங்களை ஒதுக்கிவிட்டு அவருக்கு எழுதுகிறேன்.

அம்மா, முதலில் ஒரு தாளில் தேதி வாரியாக எழுதுங்கள்: ஏஜென்ட் பெயர், அவன் போன் நம்பர், எந்தத் தேதியில் எவ்வளவு பணம், யார் கணக்குக்கு, மகன் எந்த விமானம், கடைசியாக எப்போது பேசினான், எங்கிருந்து. பாஸ்போர்ட் நகல், வாட்ஸ்அப் பேச்சின் போட்டோ. ஏஜென்ட்டுக்கு லைசன்ஸ் இருக்கிறதா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். அநேகமாக இருக்காது, இல்லை என்பதையும் மனுவில் எழுதுங்கள்.

ஸ்டேஷனில் "எங்கள் எல்லை இல்லை" என்றால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 173இன்படி எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் தகவலை வாங்கிப் பதிய வேண்டும் என்று சொல்லுங்கள். 2024 ஜூலை 1 முதல் இதுதான் சட்டம். மனு வாங்கினால், வாங்கியதற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். "ஏஜென்ட் பணத்தைத் திருப்பித் தருவான், மனுவை வாபஸ் வாங்குங்க" என்று பேச்சு வரும். எங்களுக்கும் வந்தது. மகன் வீடு வந்து சேராமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வாங்கவே இல்லையென்றால் அதே மனுவை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதுவும் சட்டத்திலேயே சொன்ன வழி. அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் கோர்ட் வளாகத்திலேயே இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது. கம்போடியாவில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கும் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற புகார் இணையதளத்திலும் ஒரே நாளில் புகார் போடுங்கள். திங்கள்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் மனு நாள். அங்கே ஒரு நகலைக் கொடுத்து முத்திரை வாங்குங்கள். 2025 மார்ச்சில் மியான்மரிலிருந்து 500 பேருக்கு மேல் விமானப்படை விமானத்தில் கூட்டி வந்தார்கள், அதனால் நம்பிக்கையை விடாதீர்கள்.

14 நவம்பர்

அந்த அம்மாளிடமிருந்து சேதி: ஸ்டேஷனில் இன்னும் வாங்கவில்லை, எஸ்.பி.க்குப் பதிவுத் தபால் போட்டாயிற்று. களக்காடு, ஏர்வாடி, நாங்குநேரிப் பக்கத்தில் இதே ஏஜென்ட்டிடம் பணம் கொடுத்தவர்கள் இருந்தால் தனித்தனியாக மனுப் போடுங்கள், ஒரே மனுவில் எல்லோரும் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரே மனு என்றால் ஒரே ஆளை மிரட்டி மடக்கிவிடலாம்.